கோழிகமுத்தி யானை முகாம் மாவுத்தர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள மாவுத்தர்களே, அவர்களுக்கு உதவும் காவடிகளே, பழங்குடிப் பதிகளில் இருக்கும் பெரியவர்களே,

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன் எழுதுகிறேன். சேத்துமடை தாண்டி மலையேறி டாப்சிலிப்புக்கு வருகிற எங்களுக்கு அது மான் மேயும் புல்வெளி, விடுமுறை நாள். உங்கள் பாட்டன்மாருக்கோ அது தடி இழுத்த களம். கூப்பில் வெட்டிய தேக்கைச் சங்கிலி கட்டி யானைகள் மலை விளிம்புவரை இழுத்துவரும். அங்கிருந்து சரிவில் சறுக்கி விட்டால் தடி அடிவாரத்துக்குப் போய்விடும். ஊருக்குப் பெயர் தந்ததே அந்த வேலைதான்.

பம்பாயில் கப்பல் கட்ட இந்தத் தேக்கு வேண்டும் என்றுதான் 1848-இல் கும்பினியார் லெப்டினென்ட் மைக்கேலை இந்தக் காட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ரயில்பாதை வந்தது, அதற்கும் மரம் கேட்டார்கள். மலையின் மேற்குப் பக்கத்தில் கொச்சி அரசு பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிவரை டிராம் பாதையே போட்டு மரத்தை இறக்கியது. இரு பக்கமும் இப்படி வெட்டினால் எந்தக் காடு தாங்கும்? மொட்டையானது.

1915-ஐ ஒட்டி வன அதிகாரியாக வந்த ஹியூகோ வுட் வெட்டும் முறையை மாற்றினார். வேரோடு பெயர்க்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் மறுதாம்பு துளிர்க்கும், புதுக் கன்றும் நடலாம் என்றார். நல்ல மனிதர், அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. 1933-இல் காலமான அவர், விரும்பியபடியே இங்கே தேக்குகளுக்கு நடுவில் அடக்கமாகியிருக்கிறார். என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்கிறது அவர் கல்லறையின் லத்தீன் வரி.

சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தனி ஒருவர் கையால் இத்தனை தேக்கு வளராது. எந்தச் சரிவில் தண்ணீர் நிற்கும், எந்தத் தடத்தில் யானை வரும் என்பதெல்லாம் துரைமாருக்கு முன்பே தெரிந்தவர்கள் மலசர், காடர் பழங்குடிகளான நீங்கள்தான். வெட்டிய கையும் உங்களுடையது, நட்ட கையும் உங்களுடையது. எழுதப்பட்ட வரலாற்றில் நீங்கள் 'கூலிகள்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போனீர்கள். எனக்கு அது ஆறவில்லை.

மரவேலை நின்றது. 1976-இல் சரணாலயம், 2007-இல் புலிகள் காப்பகம். தடி இழுத்த யானைகளின் இடத்துக்கு, காட்டு யானைகளை அடக்கப் பழக்கிய கும்கிகள் வந்தன. ஊருக்குள் யானை புகுந்தால் நாங்கள் முதலில் தேடுவது உங்களைத்தான். கும்கி கலீம் மட்டுமே 99 நடவடிக்கைகளில் நின்றவன். 2023 மார்ச்சில், அறுபது வயதில், அவன் ஓய்வு பெற்றபோது வனத்துறை மரியாதை செலுத்தியதைப் பார்த்துக் கண் கலங்கினோம். அவன் கழுத்தில் அமர்ந்து காட்டு யானையின் முன்னால் போனவருக்கும் சேர்த்துத்தான் அந்த மரியாதை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். விளைந்த வயலோடும் முழு உயிரோடும் நாங்கள் இருப்பதற்கு உங்களுக்கு நன்றி.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். வுட் கல்லறைக்கு அருகில் ஒரு கல் நட்டு, இந்தக் காட்டில் உழைத்த மலசர், காடர் முன்னோரின் பெயர்களைப் பொறிக்க வேண்டும். பதிகளில் அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய பாட்டிகள் இருப்பார்கள். தாமதிக்காமல் அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து ஒருவன்