பழைய எஞ்சின் வாங்கிய படலம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது முன்னோர் மொழி. ஆனால், காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அவர்கள் அத்தகைய விதி எதுவும் செய்து வைக்கவில்லை. பல்லைப் பார், சுழியைப் பார், நடக்கவிட்டுப் பார், அதன் பின்னர் விலை பேசு என்பதே அவர்தம் வழக்கம். மாட்டுக்குப் பல் எப்படியோ, பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் அப்படிச் சில அடையாளங்கள் உண்டு. அவற்றை அறியாதவர் கறவைப் பசுவின் விலைக்கு வறட்டுப் பசுவை ஓட்டிவர நேரிடும்.

எமது வீட்டில் நிற்பது 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். காலஞ்சென்ற தந்தையார் வாங்கியது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரையில் புதிய காரென்பது பெரும்பாலோர்க்கு எட்டாக் கனியாகவே இருந்தது. ஆதலால், இருந்த காரைக் கண்போல் காப்பது இந்நாட்டவர்க்கு இயல்பாயிற்று. 1990க்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடையாத நாட்களில், ஊரிலுள்ள பிற கார்களைப் போலவே எமது காரும் மண்ணெண்ணெயில் ஓடிற்று. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, எம் பாட்டியாரைத் தென்மராட்சிக்குச் சுமந்து சென்றதும் அக்காரே.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு இறங்கி, அடித்தொட்டியின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். அத்தனையும் தாங்கிய எஞ்சின், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் உயிர்விட்டது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு முறிந்து இரும்புச் சுவரைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. “இது ஒட்டுற இரும்பில்லை” என்று மெக்கானிக் கையை விரித்தார். காரை விற்றுவிடலாம் என்றனர் உறவினர் சிலர். தாயார் ஒன்றும் கூறவில்லை. காரின் மேல் படிந்திருந்த தூசியை மட்டும் சேலைத் தலைப்பால் துடைத்தார். வேறு எஞ்சின் தேடுவதென்று அக்கணமே முடிவாயிற்று.

தேடப் புகுந்த பின்னரே, மொறிஸ் மைனர் என்னும் ஒரே பெயருக்குள் நான்கு எஞ்சின்கள் மறைந்திருப்பது எமக்கு விளங்கிற்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் வெளிவந்தபோது 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பக்க வால்வு எஞ்சினைப் பெற்றிருந்தது. 1952இல் மொறிஸ், ஒஸ்டின் நிறுவனங்கள் இணைந்தமையால், ஒஸ்டின் ஏ30 காரின் 803 எஞ்சின் இதற்கும் வந்தது. 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. பின்னைய மூன்றும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது. ஆனால் 803இன் வலு 30 குதிரை. 948இன் வலு 37. 1098இன் வலு 48. விலையும் அதற்கேற்பவே ஏறும்.

முதலில் பார்க்க வேண்டியது இலக்கத் தகடு. எஞ்சினின் வலப்புறத்தில், டைனமோவைத் தாங்கும் பிடிக்கு மேலே, சிறிய உலோகத் தகடொன்று அறையப்பட்டிருக்கும். 803 எஞ்சினாயின் ‘ஏ.பி.எச்.எம்.’ என்றும், 948 ஆயின் ‘ஏ.பி.ஜே.எம்.’ அல்லது ‘9 எம்.’ என்றும், 1098 ஆயின் ‘10 எம்.ஏ.’ என்றும் இலக்கம் தொடங்கும். பிந்திய எஞ்சின்களில் அடுத்து வரும் எழுத்துகளில் ‘எச்’ இருந்தால் உயர்ந்த அமுக்கம். ‘எல்’ இருந்தால் தாழ்ந்த அமுக்கம். மண்ணெண்ணெய் குடித்த காலத்தில் ‘எல்’ எஞ்சின்கள் இடிபடாமல் ஓடியதன் காரணம் இதுவே.

வெளியூர் வியாபாரி ஒருவரிடம் ‘10 எம்.ஏ.’ தகட்டுடன் எஞ்சினொன்று இருப்பதாகக் கேள்வியுற்று நாம் மூவர் சென்றோம். எம்முடன் வந்தவர்கள் பொறியியல் பயிலும் மருமகனும், ஐம்பதாண்டு அனுபவமுள்ள மெக்கானிக் ஐயாவும். எஞ்சின் பச்சை வர்ணம் பூசிப் பளபளவென்று நின்றது. தகட்டைக் கண்டதும் மருமகன், “மாமா, இதுதான்” என்று மகிழ்ந்தான். மெக்கானிக் ஐயாவோ, “தகட்டை நம்பாதை தம்பி. தகடு பிடிச்சிருக்கிற ஆணியைப் பார்” என்றார். பழைய தகட்டில் புத்தம்புதிய ஆணிகள்! சிலிண்டர்த் தலையைக் கழற்றிக் காட்டும்படி கேட்டோம். வியாபாரி முகம் சுளித்தாலும் இசைந்தார்.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பமொன்று உண்டு. 948இன் சிலிண்டர் விட்டம் 62.9 மில்லிமீற்றர், 1098இன் விட்டம் 64.6. தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெருப்பிப்பது வழக்கமாதலால், ஒன்றரை மில்லிமீற்றர் குடைந்த 948, விட்டத்தில் 1098 போலவே தோன்றும். ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரத்தை எவராலும் குடைந்து மாற்ற முடியாது. அதைத் தீர்மானிப்பது கிராங்குத் தண்டு. 948இல் அத்தூரம் 76.2 மில்லிமீற்றர், அதாவது சரியாக மூன்று அங்குலம். 1098இல் அது 83.7. மெக்கானிக் ஐயா பிஸ்டனைக் கீழே இறக்கி ஆழத்தை அளந்தார். மேலே ஏற்றி மீண்டும் அளந்தார். மூன்று அங்குலமே வந்தது. தகடு ஒன்று கூறிற்று. இரும்பு வேறொன்று கூறிற்று.

வியாபாரி கலங்கவில்லை. விலையைப் பாதியாக்குவதாகவும், எமது பழைய இலக்கத்தையே அதில் அடித்துத் தருவதாகவும், பதிவுப் புத்தகத்தில் ஓரெழுத்தும் மாற்ற வேண்டியதில்லை என்றும் கூறினார். கையில் இருந்த பணமோ குறைவு, அலைச்சலோ அதிகம். சிறிது நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றோம். தந்தையார் இருபத்தெட்டு ஆண்டுகள் பாடசாலைக் கணக்கு எழுதியவர். ஒரு சதத்தை மாற்றி எழுதியறியாதவர். அவருடைய காரின் இலக்கத்தை வேறோர் இரும்பில் பொய்யாக அடித்துக்கொண்டு ஓடுவதற்கு எமக்கு மனம் ஒப்பவில்லை. வணக்கம் கூறித் திரும்பினோம்.

நான்கு மாதங்களின் பின்னர், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் மெய்யான 1098 ஒன்று அகப்பட்டது. வர்ணமில்லை, துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடியிருந்தன. எனினும் கிராங்கு கையாற் சுழன்றது. பிளக்குத் துவாரத்தைப் பெருவிரலால் மூடிச் சுழற்றியபோது நான்கு சிலிண்டர்களும் விரலைத் தள்ளின. எண்ணெயில் பால் நிறம் இல்லை. ஆகவே நீர் கலக்கவில்லை. அளவுகோலும் தகடும் ஒன்றையே கூறின. 948இன் கிளச்சு ஆறேகால் அங்குலமும் 1098இன் கிளச்சு ஏழேகால் அங்குலமுமாதலால், அதனையும் அளந்து பார்த்து, எமது கியர்ப்பெட்டிக்குப் பொருந்துமென்று உறுதி செய்தே பணத்தை எண்ணிக் கொடுத்தோம். பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கத்தை எழுதுவித்து வாங்கினோம். பின்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவிலும் திருத்தம் செய்வித்தோம். பழைய எஞ்சினின் தகட்டை, வீட்டு உறுதிகளுடன் தாயார் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

பழைய பொருள் வாங்குவோர்க்கு நாம் கூறக்கூடியது இவ்வளவே. வர்ணத்தை எவரும் பூசலாம். தகட்டை எவரும் அறையலாம். உள்ளே சென்று அளப்பவனுக்கே உண்மை அகப்படும். அளந்தறிந்த உண்மையை, விலை மலிவென்று கைவிடாதிருப்பதும் வேண்டும். முன்னையது கல்வியால் வரும். பின்னையதை வீட்டிலேயே பிள்ளைகள் கற்க வேண்டும்.