துணிக்குழலை இழுத்தவர்கள்

1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியர் குண்டு போட்டனர். அந்த யுத்தத்தின்போது நம் தஞ்சாவூரிலும் பிரிட்டிஷ் விமானத் தளம் இருந்தது. வகுப்பில் பையன்கள் சண்டை விமானங்களைப் பற்றியே விசாரிக்கிறார்கள். எனக்கோ, சுடப்படுவதற்கென்றே பறந்த விமானங்களின்மீதுதான் அபிமானம்.

விமானத்தைச் சுட்டு வீழ்த்தப் பீரங்கிக்காரர் பழக வேண்டாமா? நீண்ட கம்பியின் நுனியில் துணிக்குழலைக் கட்டி ஒரு விமானம் இழுத்துச் செல்லும். அந்தக் குழலைச் சுடுவார்கள். கதிர் முற்றிய வயலில் கவண் வீசும் காவேரிக்கரைப் பையனுக்கு இதன் சூட்சுமம் தெரியும்: குருவி இருக்கும் இடத்திலன்று, அது போய்ச் சேரும் இடத்தில் கல் விழவேண்டும். கணக்குச் சற்று மிகுந்தாலோ, முன்னே போகும் விமானியின் பாடு ஆபத்துத்தான்!

இப்பணிக்கென்றே பிரிட்டனில் 1943 டிசம்பர் 1-ந் தேதி, ஒரே நாளில், 631-வது முதலிய பல ஸ்குவாட்ரன்கள் அமைக்கப்பட்டன.

பயிற்சி முடிந்ததும் குழலைக் கீழே போடுவார்கள். பீரங்கிக்காரர் அதிலுள்ள துளைகளை எண்ணுவர். விமானியும் இறங்கியவுடன் எண்ணிப் பார்த்திருப்பார், தம் விமானத்தின் வாலில்.