பச்சை சைக்கிள்

போன கார்த்திகை மாதம் பச்சை சைக்கிளை விற்றுவிட்டேன். எண்பதுகளில் மூஞ்சிக்கல்லிலும் ஏரிக்கரையிலும் நடமாடியவர்களுக்கு அதை நினைவிருக்கலாம். என் பெயர் தெரியாதவர்கள்கூட, "பச்சை சைக்கிள்ல வருவாரே, போஸ்டாபீஸ்காரரு" என்றால் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு திண்டுக்கல்லில் இருப்பது என்று முடிவாகி, பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினோம். பழைய பேப்பர்காரர் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "வெயிட்டே இல்லையே சார். முந்நூறு ரூபா போட்டுக்கலாம்" என்றார். நம்மூர் சைக்கிள் 20 கிலோவுக்கு நிற்கும். இது மொத்தமே 10 கிலோ. எடைக்குப் போடுகிற இடத்தில் அது குறைதானே! சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள்தான், "இருங்கப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று தடுத்தாள்.

அந்தப் போட்டோ யார் யார் போனுக்கோ போய், நாலாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். பழைய இத்தாலி சைக்கிள்களைச் சேர்த்து வைப்பவராம். முதல் கேள்வியே, "சார், பார்ட்ஸ் எல்லாம் ஒரிஜினலா?" என்பதுதான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த சைக்கிளில் நானும் பாயும் கைவைக்காத இடம் கிடையாது.

அது என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல்காரர்கள் யாரும் சொந்த சைக்கிள் வைத்துக்கொள்வதில்லை. ஏழு ரோடு சந்திப்பிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம் அல்லது இறக்கம். ஏரியைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர்தான் சமதளம். அங்கே சைக்கிள் விடுவது சுற்றுலா வந்தவர்களின் வேலை, அதுவும் வாடகைக்கு. ஆனால் இங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் மட்டும் வித்தியாசமானவர். சனிக்கிழமை காலையில் வத்தலக்குண்டு வரை இறங்கிவிட்டு, அன்றைக்கே மிதித்து மேலே வந்துவிடுவார். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை, 7,000 அடி உயரத்துக்கு. திங்கட்கிழமை என் கவுண்டரில் ஏர் லெட்டர் வாங்க வரும்போது மூக்கு நுனி வெயிலில் உரிந்திருக்கும்.

1984-ல் அவர் ஊருக்குக் கிளம்பினார். வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை விற்பது இங்கே வழக்கம். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இருந்த ரொட்டி அடுப்பும் கம்பளியும் அப்படி வந்தவைதான். நான் கம்பளி வாங்கப் போனேன், சைக்கிளோடு திரும்பினேன். 600 ரூபாய், மூன்று தவணை. என் மனைவி அன்றிரவு என்னோடு பேசவில்லை. டிசம்பர் மாதத்தில் கம்பளி இல்லாமல் சைக்கிளோடு வந்தவனிடம் யார்தான் பேசுவார்கள்!

சைக்கிளின் பெயர் பியாங்கி. மிலான் நகரில் எடோர்டோ பியாங்கி என்பவர் 1885-ல் தொடங்கிய கம்பெனி. தலையில் கழுகு முத்திரை. பச்சை என்று நாங்கள் சொன்னோமே தவிர, அது பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மிலான் வானத்தின் நிறம் என்பார்களாம். ஒரு ராணியின் கண் நிறம் என்றும் சொல்வதுண்டாம். மழை விட்ட மாலையில் பெருமாள்மலைக்குப் பின்னால் ஒரு நிறம் வருமே, எனக்கு அதுதான் ஞாபகம் வரும். கியர், பிரேக், கிராங்க், ஹப் எல்லாம் கேம்பக்னோலோ. அதன் முதலாளி டுல்லியோ கேம்பக்னோலோ தானே பந்தயம் ஓட்டியவர். 1927-ல் ஒரு பனி மலையில் கை விறைத்துப்போய், சக்கரத்தைக் கழற்ற நட்டைத் திருக முடியாமல் தோற்றாராம். அதனால்தான் ஸ்பேனர் இல்லாமல் ஒரே நெம்பில் சக்கரம் கழலும் லீவரைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ கட்டியதோ, ஜனவரி உறைபனியில் ஏரிக்கரையில் பஞ்சர் ஆகி நின்றபோது நான் அந்த மனிதரைக் கும்பிட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு முறை அவரைப் போலவே மலையிறங்கிப் பார்த்தேன். போவதற்கு முன்பு அவர் சொல்லியிருந்தார், பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதே, நிறுத்தி நிறுத்திப் போ என்று. அந்த டயர் ரிம்மில் மாட்டுவதல்ல, ட்யூபை உள்ளே வைத்துத் தைத்துப் பசை போட்டு ஒட்டுவது. பிரேக் கட்டை உரசி ரிம் சூடானால் பசை இளகும். டம்டம் பாறையில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது. எதிரே எலிவால் அருவி விழுந்துகொண்டிருக்கிறது, நான் ரிம்முக்குக் குடிதண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். எப்படியோ வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தேன். திரும்பி வரும்போது காட் ரோட்டில் மூன்றாவது கிலோமீட்டரிலேயே நெஞ்சு அடைத்தது. பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு, உள்ளே டிக்கெட் எடுத்து வந்தேன். கண்டக்டர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இனி பாய். ஏரிக்கரை வாடகை சைக்கிள்களை எல்லாம் ரிப்பேர் பார்த்தவர். இந்த சைக்கிளை முதல் நாள் பார்த்ததும் தொடவே இல்லை. பீடியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். "கம்பி எண்ணிப் பாத்தீங்களா சார்?" என்றார். நம் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. இதில் இரண்டிலும் 36. "யாரோ வேற மாதிரி யோசிச்சிருக்கான்" என்றார்.

பெடல் அச்சில் சத்தம் வந்தபோதுதான் அவருக்குச் சோதனை. நம் சைக்கிளில் கிராங்க்கை ஆப்பு மாதிரி ஒரு பின் பிடித்திருக்கும், சுத்தியலால் தட்டினால் வந்துவிடும். இதில் பின் கிடையாது. மரை போட்ட ஒரு கருவியை உள்ளே திருகி இழுக்க வேண்டும். பாய் திண்டுக்கல் போய் லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து அதைக் கடைந்துகொண்டு வந்தார். அடுத்து வலது பக்கக் கப். இங்கிலீஷ் சைக்கிளில் அது எதிர் மரை, நம் சைக்கிளும் அந்த வழிதான். பாய் அந்தக் கணக்கில் மூச்சைப் பிடித்துத் திருக, அது இன்னும் இறுகிவிட்டது. இத்தாலிக்காரன் இரண்டு பக்கமும் நேர் மரை வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. காலையில் நான் போனபோது முகமெல்லாம் சிரிப்பு. எந்த ரிப்பேர் ஆனாலும் இந்த சைக்கிளுக்கு மட்டும் நாலு நாள் கேட்பார். ஒரு பிரேக் கம்பி மாற்றவும் நாலு நாள். வேலை அப்படி, என்று நானும் கேட்டதில்லை.

மகள் பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் சைக்கிள் குடும்ப சைக்கிள் ஆயிற்று. வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றி நேர் ஹேண்டில்பார். ஒட்டுகிற டயர் இங்கே கிடைக்காது, ஒவ்வொரு பஞ்சருக்கும் தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியிருந்தது. அதனால் மதுரையிலிருந்து 36 ஓட்டை ரிம் வரவழைத்து, சாதாரண டயர் ட்யூப். ஸ்டாண்டு, பெல், பின்னால் கேரியர். கேரியர் மாட்ட ஃபிரேமில் ஓட்டை போட வேண்டும் என்றேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க மகளுக்குக் காது குத்துங்க சார். இதுல ஓட்டை போடறதுன்னா வேற கடைக்குப் போங்க." கடைசியில் பழைய ட்யூபை வெட்டிச் சுற்றி, அதன்மேல் கிளிப் போட்டுக் கேரியரை நிறுத்தினார். பெயின்ட்டில் ஒரு கீறல் விழவில்லை.

கழற்றிய சாமான்களை நான் கேட்கவுமில்லை. கடையை மூடியபோது அவரே ஒரு பெரிய பிஸ்கட் டின்னையும் இரண்டு ரிம்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "எப்பவாவது கேப்பாங்க சார்." அப்படியே பரணில் ஏற்றினேன். அவர் இறந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது.

கோயம்புத்தூர் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார். டார்ச், பூதக்கண்ணாடி, அளவு பார்க்கும் கருவி எல்லாம் இருந்தன. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வந்த மாதிரி. பின் கியர் தாங்கியில் அழுக்கைத் துடைத்துவிட்டு, "பேட்டண்ட் 76" என்று படித்தார். அதைத்தான் வருடம் கண்டுபிடிக்கப் பார்ப்பார்களாம். நேர் ஹேண்டில்பாரையும் கேரியரையும் பார்த்து முகம் சுருங்கியது. அப்போதுதான் டின்னைத் திறந்தோம்.

கிரீஸ் தடவி, தினத்தந்தித் தாளில் சுற்றி, நூல் கட்டி, ஒவ்வொன்றாக. ஹேண்டில்பார் மட்டும்தான் டின்னுக்குள் அடங்காமல் கோணியில் தனியாக இருந்தது. பிரேக் லீவர், கேபிள் கிளிப், பெடலின் கால் வார், ஃப்ரீவீல், துணிப் பையில் நட்டும் போல்ட்டும். தாளின் ஓரத்தில் பாயின் கோணல் கையெழுத்தில் எது எங்கே என்ற குறிப்பு. அந்தத் தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்த மெக்கானிக் யாரு சார்?" என்று இரண்டு முறை கேட்டார்.

டீ குடித்துக்கொண்டே ஃபாஸ்டோ கோப்பி என்ற வீரரைப் பற்றிச் சொன்னார். 1949-லும் 1952-லும் பிரான்ஸைச் சுற்றும் பெரிய பந்தயத்தை இதே பியாங்கியில் ஜெயித்தவர். 1960-ல் நாற்பது வயதில், ஆப்பிரிக்கா போய்வந்து மலேரியாவில் இறந்தாராம். மதுரையில் காய்ச்சலுக்கு ஆள் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் மேலே ஏறி வந்து கட்டிய இரண்டு பங்களாக்களில் தொடங்கியதுதான் எங்கள் ஊர் என்று நான் சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் கொசுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

விலை 85,000 என்று முடிந்தது. முந்நூறுக்குப் போக இருந்த சாமான். அவர் பணம் அனுப்பப் போனைக் கையில் எடுத்தார்.

எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. இந்த சைக்கிளில் கியர் மாற்றும் லீவர் ஃபிரேமின் சாய்வான கீழ்க் குழாயில் இருக்கும். இப்போதைய சைக்கிள் மாதிரி டக் டக் என்று படி கிடையாது. ஒரு திருகை இறுக்கினால் அந்த உராய்வில்தான் லீவர் நிற்கும். திருகு தளர்ந்தால் ஏற்றத்தில் கியர் நழுவிவிடும். அந்த வலது பக்கத் திருகு ஒருநாள் பிரையண்ட் பூங்கா அருகே கழன்று விழுந்து தொலைந்துபோனது. பாய் இடது பக்கத்துத் திருகை மாதிரிக்கு எடுத்துப் போய், திண்டுக்கல்லில் பூட்டு செய்யும் ஒருவரிடம் பித்தளையில் செய்து, நிக்கல் முலாம் பூசி வாங்கிவந்தார். பிடித்துத் திருப்பும் அரைவட்ட வளையம் உட்பட அச்சு அசல். பூதக்கண்ணாடிக்கும் அது தப்பிவிட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்ல வேண்டாம் என்றுதான் ஒரு வாய் டீ குடிக்கும் வரை நினைத்தேன். பிறகு, "தம்பி, அந்த ஒரு திருகு திண்டுக்கல்" என்றேன். அவர் கழற்றிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், மஞ்சள் தெரிந்தது. "நல்லவேளை சொன்னீங்க. ஒரிஜினல் தேடணும் சார், நாலாயிரம் குறைச்சுக்கறேன்" என்று சொல்லி, திருகை டீபாய் மேல் வைத்தார். குறைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, நியாயம்தான். ஆனால் முப்பது வருடம் ஒருமுறைகூட நழுவாத திருகைப் பல் பிடுங்கிய மாதிரி எடுத்து வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டாண்டு, பெல், கேரியர் மூன்றையும் கழற்றி வாசல் ஓரம் போட்டுவிட்டு, சைக்கிளைக் கம்பளியில் சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

பாய் வீட்டில் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாயிரம் என்றேன். "டின்னைப் பத்திரமா வச்சிருந்தது யாரு, நீங்களா?" என்றாள் மனைவி. இருபதாக்கினேன்.

நாயுடுபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார் அந்த அம்மா. கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். விவரத்தைச் சொல்லி, கவரையும் திருகையும் கையில் கொடுத்தேன். பணத்தை எண்ணாமல் தலையணைக்கு அடியில் வைத்தார். திருகை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பச்சை சைக்கிளா? வித்துட்டீகளா?" என்றார்.

"ஆமாம்மா."

"அது ரிப்பேருக்கு வந்தா எங்களுக்குத் திருநா மாதிரில்ல சார். ராத்திரி பத்து மணிக்கு மேல, ரோட்டுல ஆள் இல்லாதப்ப, அவுக என்னையப் பின்னால உக்கார வச்சு ஏரியச் சுத்துவாக. கேரியர் தாங்குதான்னு பாக்கணும்பாக. நாலு நாளும் பாப்பாக." சிரித்தார். "உங்ககிட்ட சொல்லிராதன்னு சத்தியம் வாங்கிருந்தாக."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டீ வந்தது, குடித்தேன். கிளம்பும்போது கேட்டார்.

"அந்தக் கேரியரும் போயிருச்சா சார்?"

போகவில்லை. பழைய பேப்பர்காரருக்காக வாசலில் மற்ற இரும்போடு குவித்து வைத்திருந்தேன். அன்று மாலையே துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.