பாய்மரப் படகின் கியர்பெட்டி

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று நம் சங்கத்து அன்பர் பலர் எங்களை வினவியதுண்டு. மும்பைத் துறைமுகத்தில் ஒரு பகல் நின்று பார்த்தவர்க்கு இந்த ஐயம் எழாது. பெரிய ஓதத்தின்போது இங்கே கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காற்று விழுந்த வேளையில் அந்நீரோட்டம் இழுத்த திசைக்கே படகு போகும்.

கடந்த மே மாத இறுதியில் ஒரு படகு எங்களிடம் வந்தது; இல்லை, நாங்கள் அதனிடம் சென்றோம். 30 அடிப் படகு. கேட்வே எதிரே மிதவையில் கட்டிக் கிடந்தது. எஞ்சின் முழங்கியது, படகோ முன்னே நகர மறுத்தது. பின்னோக்கி மட்டும் தடையின்றிச் சென்றது. “அப்படியே பின்னாலேயே கொண்டுபோய்விடலாமே” என்றார் உரிமையாளர். அலையில் சுக்கானுக்கு அடங்காது என்று சொல்லி அவரை அமர்த்தினோம். ஜூன் 11 ஆம் நாளை ஒட்டி இங்கே தென்மேற்குப் பருவமழை இறங்குவது வழக்கம். அதற்குள் கரையேறாத படகுக்கு மிதவைச் சங்கிலி ஒன்றே துணை. அதை நம்பியிருப்பது தகாது.

நாங்கள் இருவரும் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவரிடம் தொழில் கற்றவர்கள். அவர் தந்தையார் எஞ்சினே இல்லாத தோணியில் கொழும்பு போய் வந்தவர். அண்ணாச்சிக்கு இப்போது கண் மங்கல். எஞ்சின் குழிக்குள் இறங்கவும் இயலாது. மேலே அமர்ந்து காதாலும் கையாலுமே வேலை பார்த்தார்.

“மொதல்ல கம்பியப் பாருலே” என்றார். கியர்க் கம்பி தளர்ந்து, நெம்புகோல் முழுத் தூரம் போகாவிடினும் இதே நோய் தோன்றும். கம்பியைக் கழற்றி நெம்புகோலைக் கையாலேயே தள்ளிப் பார்த்தோம், நோய் உள்ளேதான்.

பெட்டியின் எண்ணெயை வடித்தோம். தண்டையும் பெட்டியையும் இணைக்கும் இரு தட்டுகளிலும் அடையாளக் கோடிட்டு, நான்கு போல்ட்டுகளை எடுத்தோம். தண்டை அமரத்தின் பக்கம் ஒரு சாண் தள்ளவேண்டும். அதற்கு முன் தண்டின்மேல் இறுக்கமாக ஒரு பிடி பூட்டினோம். தண்டு நழுவி வெளியேறினால் அந்தத் துளைவழியே கடல் உள்ளே வரும். பின்னர்ப் பெட்டியை நேராகப் பின்னிழுத்துப் பல் தண்டை விடுவித்தோம். ஒருவர் தூக்கக்கூடிய எடைதான். குப்புறக் கிடந்து தூக்குவதே கடினம்.

பிரித்தபோது, முன்செல்லும் பக்கத்துக் கூம்புக் கிளட்ச் கண்ணாடிபோல் வழுவழுத்திருந்தது. அண்ணாச்சி விரலால் தடவியே அதைச் சொல்லிவிட்டார். தேய்மானம் மிகுதியில்லை. வால்வு தேய்க்கும் பசையிட்டு இரு கூம்புகளையும் ஒன்றோடொன்று தேய்த்தோம். பசையின் பொடி சிறிதும் தங்கலாகாது. மண்ணெண்ணெயில் மும்முறை கழுவினோம்.

மீண்டும் பூட்டுகையில்தான் பொறுமை வேண்டும். பல் தண்டு எதிர்ப்பற்களில் அமர மறுத்தது. சிலர் போல்ட்டை முறுக்கியே பெட்டியை உள்ளே இழுப்பர். எங்களுக்கு அது உடன்பாடன்று. பற்களும் அதிர்வு தாங்கும் தட்டும் அதனால் கெடும். “அடிக்காதலே, மெல்லத் திருப்பு, தானாப் போகும்” என்றது மேலிருந்து குரல். தட்டைக் கையால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினோம், ஓசையின்றி உட்சென்றது.

அடுத்து, தட்டுகளின் நேர்மை. 100 மில்லிமீட்டர்த் தட்டுகளுக்கிடையே மேல், கீழ், வலம், இடம் எங்கு அளந்தாலும் இடைவெளியில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருத்தல் ஆகாது. படகு மிதக்கும்போதே இதை அளக்கவேண்டும். தரையில் நிற்கும் படகின் உடல் வேறு வகையாக வளையும். எஞ்சின் கால்களின் நட்டுகளைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பித் திருப்பி அளந்ததிலேயே பொழுது சாய்ந்தது. கழற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று, இதற்கு ஐந்து.

புது எண்ணெய் ஊற்றி, தண்டுப் பிடியை எடுத்து, முன் கியர் போட்டபோது மிதவைக் கயிறு தொய்ந்தது. படகு முன்னேறியதற்கு அதுவே அறிகுறி. உரிமையாளர் கைதட்டினார். அண்ணாச்சி தட்டவில்லை, டார்ச்சை எங்களிடம் தந்து, தண்டுத் துளையில் நீர் எப்படிச் சொட்டுகிறது என்று பார்க்கச் சொன்னார். நின்று நின்று, துளித் துளியாகவே விழுந்தது. மறுநாள் ஏற்றநீரில் படகு கரைக்குப் போயிற்று.