மாப்பிள்ளை வாங்கிய பழைய படகு

 

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படகுப் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், அமெரிக்கா போய் படகு வாங்கிட்டீங்களா?" என்று ஒருவர். "சீட் எல்லாம் நீங்களே தைச்சதாமே, நிஜமா?" என்று இன்னொருவர். தனித்தனியாகப் பதில் எழுதி முடியாது. எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். மாப்பிள்ளையிடமும் மகளிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

படகு என் மாப்பிள்ளையுடையது. இவர்கள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்துப் பக்கம். எந்தப் பக்கம் போனாலும் ஏரி. நம் ஊரில் வீட்டுக்கு வீடு பைக் நிற்கிற மாதிரி இங்கே பல வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய படகு நிற்கிறது. புதுப் படகு நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத விலை. பழையது என்றால் இடத்தை அடைக்கிறதே என்று மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். அப்படித்தான் ஏப்ரல் மாதம் 1,200 டாலருக்கு, இழுத்துப் போகும் டிரெய்லரோடு சேர்த்து ஒன்றை வாங்கி வந்துவிட்டார். 17 அடி ஃபைபர் படகு. 4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ளே, அதன் விசை வெளியே இருக்கும் காலுக்குப் போய் விசிறியைச் சுற்றும். படகின் பின்சுவரில் வலது பக்கம் 12 எழுத்தும் எண்ணுமாக ஒரு பதிவு பொறித்திருக்கும். அதன் கடைசி இரண்டு இலக்கம் எந்த ஆண்டு மாடல் என்று சொல்லும். இதில் 89. என் மகளைவிட ஒரு வயது சின்னது!

மகளுக்கு ஒரே கோபம். வீட்டுக் கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, அதற்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் கைவைத்துவிட்டார் என்று. இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுவார்கள். நான் ஆறு மாதம் தங்க வந்த மாமியார். இதில் வாய் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கடைசியில் மகளே ஒரு முடிவு சொன்னாள்: "இன்னும் 2,000 டாலர். அதுக்கு மேல ஒரு டாலர் கிடையாது. படகு பாதுகாப்பானதுன்னு எனக்குத் தெரியற வரைக்கும் பசங்க அதுல கால் வைக்கக் கூடாது. அடிப்பகுதி உளுத்துப்போயிருந்தா வித்துடணும்." பேரனுக்கு 8 வயது, பேத்திக்கு 5. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை முதலில் இருக்கைகளை மாற்ற நினைத்தார். கிழிந்து, பூஞ்சை பிடித்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தன. அவை அழகாகிவிட்டால் மகளின் மனமும் மாறும் என்று அவர் கணக்கு. கடையில் விசாரித்தால் 2,600 டாலர் கேட்டார்கள். "அத்தை, நீங்க தையல் தெரிஞ்சவங்கதானே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "தைச்சுக் கொடுக்கிறேன் மாப்பிள்ளை, ஆனா கடைசியா. சுவர் நிக்குமான்னு பார்க்காம யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?" என்றேன்.

அந்தச் சுவரைப் பார்க்க யாரைக் கேட்பது? அப்போதுதான் எனக்கு என் மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். பெயர் சொன்னால் வெட்கப்படுவான். நாகை மாவட்டக் கடலோரத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகினவே, அப்போதிலிருந்து படகு மராமத்துதான் அவன் தொழில். இங்கே காலை 8 மணி என்றால் அங்கே மாலை 5.30. வேலை முடிந்து கை கழுவிவிட்டு வீடியோவில் வருவான்.

அவன் முதல் நாள் சொன்னது: "டீச்சர், ஃபைபர் அழுகாது. உள்ளுக்குள்ள வச்சிருக்கிற பலகைதான் அழுகும்." இந்தக் காலத்துப் படகுகளில் பின்சுவரின் நடுவே பிளைவுட் இருக்கும். தரைக்கு அடியில் நீளவாட்டில் போகும் கட்டைகளும் மரம்தான். மேலே ஃபைபர் மூடியிருக்கும். ஏணி மாட்ட, கொக்கி மாட்ட என்று யாரோ ஒரு திருகாணி போட்டு அந்த ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டிருப்பார்கள். அது வழியாக வருஷக்கணக்கில் தண்ணீர் கசிந்து உள்ளே இருக்கும் மரம் சாணி மாதிரி ஆகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் காலின் பாரமும் தள்ளுவிசையும் விழுவது அந்தப் பின்சுவரில்தான். அது போய்விட்டால் படகே போய்விட்டது. அதை மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். எங்கள் 2,000 டாலரில் அது நடக்காது.

பிளாஸ்டிக் சுத்தியலால் ஓரடிக்கு ஓரிடம் தட்டச் சொன்னான். நல்ல இடம் "டக் டக்" என்று கணீரென்று கேட்கும். அழுகிய இடம் "தொப்" என்று அமுங்கிக் கேட்கும். மாப்பிள்ளை தட்ட, நான் போனைப் பிடிக்க, அவன் ஏழு கடல் தாண்டிக் காதால் கேட்டுச் சொன்னான். தரையின் பின்பக்கம் முழுக்க "தொப்". பின்சுவர் கணீரென்றுதான் கேட்டது, ஆனாலும் அவன் விடவில்லை. "காதை நம்பாதீங்க டீச்சர். உள்பக்கமா கீழ நாலு இடத்துல சின்னதா துளை போட்டு, வர்ற மரத்தூளைப் பாருங்க" என்றான். தூள் வெளுப்பாக, உலர்வாக வந்தால் நல்லது. கறுப்பாக, ஈரமாக வந்தால் விற்றுவிட வேண்டியதுதான்.

அன்று மகளும் வந்து நின்றாள். முதல் துளை, வெள்ளைத் தூள். இரண்டாவது, மூன்றாவது, அதேபோல். நான்காவது துளை அடிமூலையில், ஏணியின் திருகாணிக்குக் கீழே. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, துளைக்கருவியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பழுப்பாக வந்தது. ஆனால் உலர்ந்த தூள். விரலில் தேய்த்தால் பொடிந்தது, ஒட்டவில்லை. "அது பசையோட நிறம் டீச்சர், மரம் நல்லாயிருக்கு" என்று போனில் குரல் வந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் மூன்று டம்ளர் காபியோடு வந்தாள். துளைகளையும் பழைய திருகாணி ஓட்டைகளையும் எபாக்சியால் அடைத்தோம்.

தரையை வெட்டி எடுத்தோம். நீளக் கட்டைகள் நன்றாக இருந்தன. தரைப் பலகையும் அடியில் இருந்த ஃபோமும் மட்டும் நனைந்து கனத்திருந்தன. அந்த ஃபோமை எடுத்துப் போட்டுவிட்டு வெறுமனே விடக் கூடாது. 20 அடிக்குக் குறைந்த படகு தண்ணீர் நிறைந்தாலும் முழுகாமல் மிதக்கும்படி செய்ய வேண்டும் என்பது இங்கே தயாரிப்பாளர்களுக்கு விதி, அதற்காக வைத்த ஃபோம் அது. தண்ணீர் குடிக்காத புது ஃபோம் வைத்தோம். மேலே புதுப் பலகை, அதன் இரண்டு பக்கமும் ஓரங்களிலும் எபாக்சி, அதற்கு மேல் கண்ணாடி இழைத்துணி. எபாக்சியைக் கலந்து குவளையிலேயே வைத்திருந்தால் தானாகச் சூடேறிக் கெட்டியாகிவிடும், அகலமான தட்டில் பரப்ப வேண்டும். பழைய ஃபைபரைத் தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

எஞ்சின் பக்கம் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, ஐந்தாம் வகுப்புப் பாடம். தண்ணீர் உறைந்தால் விரியும். இங்கே குளிர்காலத்துக்கு முன் எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீரை வடிக்காமல் விட்டால், பனிக்கட்டி இரும்பையே பிளந்துவிடும். எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். எங்களுடையது கறுப்பாகத்தான் இருந்தது, பிளவும் இல்லை. தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் விசிறியையும், பின்சுவருக்கு வெளியே ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையையும் மாற்றினோம். அந்த உறை கிழிந்தால் நிற்கிற இடத்திலேயே படகுக்குள் தண்ணீர் ஏறும்.

இரண்டாவது, சிக்கனம் பார்க்கக் கூடாத இடம். ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை. காருக்கானது 70 டாலர், படகுக்கானது 190. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கும். கார் எஞ்சினுக்கு அடியில் திறந்தவெளி, ஆவி கலைந்துவிடும். படகில் அது மூடிய பெட்டி. படகுக்கான ஸ்டார்ட்டரில் உள்ளே வரும் பொறி வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி அடைத்திருப்பார்கள். 120 டாலர் மிச்சம் என்று மாப்பிள்ளை ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு அளவு எடுக்கும்போது அவராகவே 190 டாலருக்கு ஆர்டர் போட்டுவிட்டார். ஆவியை வெளியே இழுக்கும் சின்ன விசிறியும் புதிதாக மாட்டினோம். ஸ்டார்ட் செய்வதற்கு முன் 4 நிமிடம் அதை ஓடவிட வேண்டும் என்று படகிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. அந்த 4 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்வது பேரனின் வேலை.

இனி என் பாடம், தையல். ஆறு மாதம் சமையலும் டிவியுமாகப் போக வேண்டிய எனக்கு இது கிடைத்ததில் உள்ளூர மகிழ்ச்சிதான்.

ஒவ்வொரு இருக்கையையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, எண் எழுதி ஒட்டினேன். பழைய உறையைக் கத்தரிக்கவே கூடாது. தையலை மட்டும் பிரித்துத் துண்டு துண்டாக எடுத்தால் அதுதான் அளவுத் துண்டு. நாற்பது வருஷத்துக்கு முன் எந்தத் தையல்காரர் வெட்டினாரோ, அவர் அளவு எனக்கு அப்படியே கிடைத்தது. அடிப்பலகைகள் உளுத்திருந்தாலும் ஓரம் தெரிந்தது. அவற்றை வைத்தே புதுப் பலகை வெட்டி, எபாக்சி பூசி, தண்ணீர் வடிய அடியில் துளைகள் போட்டோம்.

துணி நம் ஊர் ரெக்சின் மாதிரிதான், ஆனால் படகுக்கென்றே வருவது. வெயிலில் வெடிக்காது, பூஞ்சை சுலபத்தில் பிடிக்காது. 54 அங்குல அகலம், 14 கெஜம் வாங்கினோம். இதில் குண்டூசி குத்தக் கூடாது, ஓட்டை மூடாது. துணிக் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். பருத்தி நூல் மக்கிவிடும். வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல், 18-ம் நம்பர் ஊசி. தையலைக் கொஞ்சம் நீளமாக வைக்க வேண்டும். நெருக்கமாகத் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி, அதே கோட்டில் கிழியும். மகளின் சின்ன மெஷின் பைப்பிங் வைத்த நாலு மடிப்பைத் தாண்டவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுப் பழைய சாமான் விற்பனையில் இரும்பு உடம்புக்காரப் பழைய மெஷின் ஒன்று 40 டாலருக்குக் கிடைத்தது. எண்ணெய் விட்டதும் வெண்ணெய் மாதிரி ஓடியது.

தைத்த உறையை வெயிலில் பத்து நிமிடம் போட்டால் இளகும், இழுக்கச் சௌகரியம். முதலில் நாலு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஸ்டேப்பிள், பிறகு எதிரெதிராக மூலையை நோக்கி. மூலை மடிப்பைக் கடைசியாக எடுக்க வேண்டும். ஸ்டேப்பிள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், சாதா இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. நான் இழுக்க, மாப்பிள்ளை ஸ்டேப்பிள் அடிக்க, ஒரு வாரத்தில் மகளும் சேர்ந்துகொண்டாள். மூலை மடிப்பெல்லாம் அவள் பிடித்ததுதான். வேலை நடந்த அந்த கராஜில்தான் இரண்டு பேரும் பழையபடி பேசிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் மெஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

கணக்கு கேட்டவர்களுக்கு: தரை வேலை 430, எஞ்சின் சாமான்கள் 360, ஸ்டார்ட்டர் 190, விசிறியும் தண்ணீர் இறைக்கும் பம்பும் 95, இருக்கைகள் மெஷினோடு சேர்த்து 580, டிரெய்லர் டயரும் விளக்கும் 185, உயிர்காப்புச் சட்டைகளும் தீயணைப்பானும் 140. மொத்தம் 1,980 டாலர். மீதி 20 டாலரை மாப்பிள்ளை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். கூரை இலையுதிர் காலத்துக்குள் சரியாகிவிடும், அதற்குத் தனியாகச் சேர்த்து வருகிறார்கள்.

சென்ற ஞாயிறு செயின்ட் கிளேர் ஏரியில் இறக்கினோம். ஹூரான் ஏரித் தண்ணீர் ஈரி ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் ஏரி அது, அக்கரை கனடா. மகள் முதல் கால் மணி நேரம் பிள்ளைகளோடு கரையிலேயே நின்றாள். மாப்பிள்ளை ஒரு சுற்றுப் போய்வந்து, தரைக்கு அடியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து அவளிடம் காட்டினார். சொட்டு இல்லை. அதன் பிறகுதான் ஏறினாள். 6 வயதுக்குக் குறைந்த குழந்தை உயிர்காப்புச் சட்டை போட்டே ஆக வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். எங்கள் வீட்டுச் சட்டம் பாட்டிக்கும் சேர்த்து. படத்தில் ஆரஞ்சு நிறத்தில் குண்டாகத் தெரிவது அதனால்தான், சாப்பாட்டால் அல்ல!

என் மாணவனிடம் "உனக்கு என்ன தரணும்பா?" என்று கேட்டேன். "போங்க டீச்சர், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததுக்கு நான் என்ன கொடுத்தேன்" என்றான். அவன் வகுப்பில் கடைசி பெஞ்சு, கணக்கில் பின்தங்கியவன் என்று அப்போது எல்லோரும் சொல்வார்கள். எபாக்சி எத்தனை பங்குக்குக் கெட்டியாக்கி எத்தனை பங்கு என்று அவன் மனக்கணக்காகச் சொன்னதைத்தான் நாங்கள் எழுதி வைத்துக்கொண்டு செய்தோம். இன்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இதை ஒருமுறை கூடுதலாகப் படியுங்கள்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். அவனுக்கு ஒரு நல்ல சுத்தியல் வாங்கி வைத்திருக்கிறேன். ரெக்சின் தையலில் சந்தேகம் இருப்பவர்கள் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பைக் சீட்டுக்கும் ஆட்டோ சீட்டுக்கும் இதே முறைதான்.

அனைவருக்கும் என் அன்பும் ஆசிகளும்.