‘கோப்பைத் திற’

மூலக்கூறு மாதிரியாக்க மென்பொருள்களை வடிவமைப்போர் வண்ணத்துக்கும் சுழற்சிக்கும் செலவிடும் கவனத்தை ‘கோப்பைத் திற’ என்னும் பொத்தானுக்குச் செலவிடுவதில்லை. கோப்பில் உள்ளதே திரையில் தோன்றுகிறது என்று மாணவர்களும் நம்பிவிடுகின்றனர். தோன்றும் படத்தில் பெரும்பகுதி மென்பொருளின் ஊகம்.

1971இல் 7 கட்டமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கியின் பழைய கோப்பு வடிவம், துளையட்டை வழக்கத்தையொட்டி, வரிக்கு 80 எழுத்திடம் கொண்டது. அதில் அணுவின் பெயருக்கு உரியவை 13 முதல் 16 வரையுள்ள இடங்கள். ‘சிஏ’ என்பது 14ஆம் இடத்தில் தொடங்கினால் ஆல்ஃபா கார்பன். 13இல் தொடங்கினால் கால்சியம். ஏதோவொரு நிரல் பெயரை இடப்பக்கம் ஒட்டி எழுதிவிட்டால், புரதத்தின் முதுகெலும்பு நெடுகக் கால்சியம் முளைக்கும்! தனிமத்தைக் குறிக்கப் பின்னர் 77, 78ஆம் இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றை வெறுமையாக விடும் நிரல்கள் இன்றும் உண்டு. அமினோ அமிலங்களுக்குள் உள்ள பிணைப்புகளையோ கோப்பு சொல்வதே இல்லை. ஊடுகதிர்ப் படிகவியலில் ஹைட்ரஜன் பெரும்பாலும் புலப்படுவதுமில்லை.

கண்ணுக்குத் தெரியும் இத்தகைய பிழைகளால் பெருந்தீங்கில்லை. 1எச்எச்ஓ என்னும் ஆக்சிஹீமோகுளோபின் பதிவை எடுத்துக்கொள்ளலாம். நான்கு சங்கிலிகள் கொண்ட அப்புரதத்தின் இரண்டு சங்கிலிகளுக்கே அதில் ஆயத்தொலைவுகள் உண்டு. எஞ்சிய பாதியைப் படிகச் சமச்சீர்மையிலிருந்து பெற வேண்டும். அதற்கான அணிகள் அதே கோப்பின் 350ஆம் எண் குறிப்பு வரிகளில் உள்ளன. அவற்றைப் படிக்காத மென்பொருள் அழகிய பாதியைக் காட்டும். நடுக்குழியை ஆராயும் மாணவி அந்தப் பாதிக் குழியில் மூலக்கூறுகளைப் பொருத்தி மாதக்கணக்கில் கணக்கிடக்கூடும். பிழைச்செய்தி எதுவும் வராது. 2014 முதல் வங்கியின் முதன்மை வடிவமாகிவிட்ட எம்எம்சிஐஎஃப் எழுத்திடச் சிக்கலைத் தீர்த்தது, இதைத் தீர்க்கவில்லை.

இதற்காகத் திறக்கும்போதே கேள்விகளை அடுக்கும் பெட்டியும் பயன்படாது. நான்காவது கேள்வியை எவரும் படிப்பதில்லை. ‘சரி’ என்று அழுத்திவிட்டுக் கடந்துவிடுவர். கோப்பை முதலில் திறந்துவிட்டு, செய்த ஊகங்களைப் படத்தின் அருகிலேயே சொல்வது மேல்: நான்கில் இரண்டு சங்கிலிகள் காட்டப்பட்டுள்ளன, ஹைட்ரஜன்கள் சேர்க்கப்பட்டன, பிணைப்புகள் தொலைவைக் கொண்டு கணிக்கப்பட்டன என்று. ஒவ்வொன்றையும் அங்கேயே மாற்ற வழி வேண்டும். சேமிக்கும் கோப்பிலும் அக்குறிப்பு எழுதப்பட வேண்டும். ஆய்வேட்டின் செய்முறை இயலை எழுதும் நாளில் மாணவி தேடப்போவது அதைத்தான்.