ஒரு டியூப் ரத்தத்தின் காஸ்டிங்

திருப்பூரில் எல்லாவற்றுக்கும் காஸ்டிங் உண்டு. கல்யாணத்துக்குப் போனால்கூட, பந்தியில் உட்கார்ந்துகொண்டே "இலைக்கு என்னங்க ஆச்சு?" என்று சமையல் கான்ட்ராக்டரைக் கேட்கிற ஊர் இது. நானும் இருபத்தெட்டு வருஷம் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் அதே வேலையைத்தான் பார்த்தேன். நூல் இவ்வளவு, நிட்டிங் இவ்வளவு, சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், வேஸ்டேஜ் என்று பத்துப் பன்னிரண்டு கட்டம் போட்டால், கடைசிக் கட்டத்தில் ஒரு பனியனின் விலை வந்து விழும். அதற்கு மேல் கால் டாலர் ஏற்றினால் பையர் பங்களாதேஷுக்கு போன் போடுவார்.

பழக்க தோஷம். ரத்தம் கொடுக்க லேபில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குள் கணக்குதான் ஓடும்.

ஜூலையிலும் டிசம்பரிலும் எங்கள் பகுதி லேப்களில் காலை ஏழு மணிக்கே ஒரு புதுக் கூட்டம் தெரியும். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள். முகத்தில் தூக்கம் தெளியாது. காபி குடிக்காத எரிச்சல் வேறு. வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ, மாமியார் வீட்டு விருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, கிரியாட்டினின், வைட்டமின் டி எல்லாம் ஒரே குத்தில் எடுத்துவிடுகிறார்கள். போன வருஷம் ஒருத்தர் ரேட் அட்டையைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஏய், அங்க டாக்டர் மூஞ்சியப் பார்க்கறதுக்கே இதைவிட அதிகமா கட்டறோம். பேசாம உங்கப்பா அம்மாவுக்கும் சேர்த்து எடுத்துரலாம்."

சிரிப்பு வந்தாலும் விஷயம் யோசிக்க வேண்டியது. அதே ரத்தம். மெஷினும் பெரும்பாலும் அதே ஜெர்மன், அமெரிக்க, ஜப்பான் கம்பெனி மெஷின்தான். விலை மட்டும் எப்படிக் கடல் தாண்டினால் இப்படி மாறுகிறது?

காஸ்டிங் போட்டுப் பார்ப்போம்.

ஊசி, டியூப், பஞ்சு: சில ரூபாய். ரத்தம் எடுக்கிற பெண்ணின் சம்பளம். மெஷினுக்குள் ஊற்றுகிற ரசாயனம், ரீஏஜென்ட் என்பார்கள். கரன்ட், வாடகை, ரிப்போர்ட் பேப்பர். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரு கட்டம் உண்டு. மெஷின் சரியாகத்தான் அளக்கிறதா என்று பார்க்க, அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு திரவத்தை அதில் ஓட்டவேண்டும். 'கன்ட்ரோல்' என்று பெயர். அன்றைக்குப் பத்துப் பேர் ரத்தம் வந்தாலும் ஆயிரம் பேர் ரத்தம் வந்தாலும் அந்தச் செலவு பெரிதாக மாறாது. பத்துப் பேர் என்றால் பத்தாகப் பிரியும். ஆயிரம் பேர் என்றால் ஆயிரமாக. எங்கள் ஊர் பாஷையில் சொன்னால், ஐம்பது பீஸுக்குச் சாயம் போட்டால் கட்டாது. ஐயாயிரம் பீஸ் ஆர்டர் கொண்டு வா.

இந்த ஒரு வரியை வைத்தே பெரிய கம்பெனி கட்டியவர் நம் பக்கத்துக்காரர். டாக்டர் வேலுமணி. சூலூர்ப் பக்கம் அப்பநாயக்கன்பட்டி புதூர். பல்லடத்திலிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் பஸ் தூரம். நிலமில்லாத விவசாயக் குடும்பம். கோவையில் ஒரு கேப்ஸ்யூல் கம்பெனியில் கெமிஸ்ட் வேலை, பிறகு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், தைராய்டு சம்பந்தமாக டாக்டர் பட்டம். அரசாங்க வேலையை விட்டுவிட்டு 1996-ல் மும்பையில் தைரோகேர் ஆரம்பித்தார். ஊருக்கு ஊர் லேப் வைக்கவில்லை. ஊருக்கு ஊர் ரத்தம் மட்டும் எடுத்தார்கள். டியூப்கள் விமானம் ஏறி மும்பை போகும், ராத்திரி பூரா மெஷின் ஓடும், விடிந்தால் ரிப்போர்ட். நைட் ஷிஃப்ட் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சும்மா நிற்கிற மெஷின் நஷ்டம், அவ்வளவுதான். 2021-ல் அந்தக் கம்பெனியின் 66 சதவீதப் பங்கு 4,546 கோடி ரூபாய்க்குக் கைமாறியது.

இதே காலத்தில் அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்ற பெண், விரல் நுனியில் எடுக்கிற சில சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளை மலிவாகச் செய்து காட்டுகிறேன் என்று 2003-ல் ஒரு கம்பெனி தொடங்கினார். தெரனோஸ். அதை 900 கோடி டாலர் பெறும் என்றார்கள். மெஷின் வேலை செய்யவில்லை. 2022-ல் மோசடிக் குற்றம் நிரூபணமாகி, அதே வருஷம் பதினோரு வருஷத்துக்கும் மேல் ஜெயில் தண்டனை. அங்கே மலிவுப் பரிசோதனைக்கு மாயமந்திரம் தேடினார்கள். இங்கே சாதாரண டியூபையும் ராத்திரி விமானத்தையும் வைத்தே முடித்துவிட்டார்கள்.

சரி, அங்கே ஏன் அந்த விலை?

காதர்பேட்டையில் பனியன் வாங்கியிருக்கிறீர்களா? முந்நூறு என்பார். நீங்கள் நூறு என்பீர்கள். நூற்றிருபதில் முடியும். முந்நூறு என்பது விலை அல்ல, பேரத்தின் ஆரம்பம். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லும் ஏறக்குறைய அப்படித்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனி பேரம் பேசிக் குறைக்கும் என்று தெரிந்தே ஏற்றிப் போட்ட தொகை. கலிஃபோர்னியா ஆஸ்பத்திரிகள் 2011-ல் பத்து சாதாரண ரத்தப் பரிசோதனைகளுக்கு என்ன பில் போட்டன என்று ஒரு ஆய்வு, 2014-ல் 'பி.எம்.ஜே. ஓப்பன்' இதழில் வந்தது. கொழுப்புப் பரிசோதனைக்கு ஓர் ஆஸ்பத்திரி போட்ட பில் 10 டாலர். இன்னோர் ஆஸ்பத்திரி போட்டது 10,169 டாலர். அச்சுப்பிழை இல்லை. அங்கே முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர், அதே பரிசோதனைக்கு லேபுக்குக் கொடுப்பது 13 டாலர் சொச்சம்தான்.

இதில் மாட்டுவது யார்? பேரம் பேச ஆளில்லாதவர். இன்ஷூரன்ஸ் இல்லாதவர். இருந்தும், முதல் ஆயிரம் இரண்டாயிரம் டாலரை உன் கையிலிருந்து கட்டு என்று சொல்கிற 'டிடக்டிபிள்' பிளான் வைத்திருப்பவர். அதில் ஒரு வேடிக்கை. நோய் இருக்கிறதா என்று தேடுகிற சில பரிசோதனைகள் 2010-ல் வந்த சட்டப்படி பெரும்பாலான பிளான்களில் இலவசம். நோய் வந்துவிட்டது, கண்காணிக்க வேண்டும் என்றால் பல பிளான்களில் காசு. அதாவது சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கப் பணம் வேண்டாம். இருக்கிறது என்று தெரிந்த பிறகு, மூன்று மாசத்துக்கு ஒருமுறை பார்க்கத்தான் பணம்.

இன்னொரு கூட்டமும் உண்டு. அதில்தான் எங்கள் குடும்பக் கதை வருகிறது. பேரன் பேத்தி பிறக்கிறது என்று ஆறு மாச விசாவில் போகிற அம்மாக்கள்.

என் அக்காவுக்கு வயது 63. இதயத்தில் மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்திருக்கிறது. அந்த வால்வில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்று தினமும் ஒரு மாத்திரை. ஆனால் மாத்திரை அதிகமாகிவிட்டால் ரத்தம் நிற்காது. குறைந்துவிட்டால் கட்டி மூளைக்குப் போகும். கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி. நடுவில்தான் நடக்கிறோமா என்று சொல்கிற பரிசோதனைக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். நமக்கெல்லாம் 1. அக்காவுக்கு இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் நிற்கவேண்டும். மாசம் ஒருதடவை பார்த்தே ஆகவேண்டும். முருங்கைக்கீரை நாலு நாள் சேர்த்துச் சாப்பிட்டால் எண் இறங்கும், சில ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் ஏறும். இங்கே அது ஒரு பிரச்னையே இல்லை. சந்தைக்குப் போகிற வழியில் லேப், இருநூறு முந்நூறு ரூபாய், சாயங்காலம் ரிப்போர்ட்.

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போனாள். முதல் மாசம் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு மாப்பிள்ளை கூட்டிப் போனார். மூன்று வாரம் கழித்து பில் வந்தது. இருநூறு டாலருக்குப் பக்கம். பயண இன்ஷூரன்ஸ், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கெல்லாம் நாங்கள் தரமாட்டோம் என்று கையை விரித்துவிட்டது.

அன்று ராத்திரி எனக்கு போன். "ஏன்டா தம்பி, ஒரு டியூப் ரத்தத்துக்குப் பதினாறாயிரமா? நம்மூர்ல நாலு வருசத்துக்கு எடுத்துப் போடலாமேடா."

"மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையேக்கா. அடுத்த மாசமும் பார்த்துரு."

"அவரு சொல்லமாட்டாருங்கறதுனாலதான்டா எனக்குச் சங்கட்டமா இருக்குது."

இந்த வாக்கியத்தை எங்கள் பக்கத்துப் பெண்களைத் தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். மகன் காசு வேறு, மருமகன் காசு வேறு. மகள் வீட்டில் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட்டால்கூட மனசுக்குள் குறித்துவைத்துக்கொள்கிற தலைமுறை. இரண்டாம் மாசம் "நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள். மூன்றாம் மாசம் "ஊருக்கு வந்து பார்த்துக்கறேன்" என்றாள். நடுவில் இருமல். இங்கிருந்து பெட்டியில் வைத்துக்கொண்டு போன ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த போன் மகளிடமிருந்து. "மாமா, அம்மா கையெல்லாம் நீலநீலமா இருக்குதுங்க மாமா. பல்லு வெளக்குனா ரத்தம் நிக்கவே மாட்டீங்குது."

எமர்ஜென்சிக்கு ஓடினார்கள். ஐ.என்.ஆர். ஏழைத் தாண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, ஒரு ராத்திரி வைத்திருந்து பார்த்தார்கள். மூளையில் கசிவு எதுவும் இல்லை. அவள் பிழைத்ததற்கு எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். பில் தனியாக வந்தது. எத்தனை டாலர் என்று அக்காவிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஓவர்லாக் மெஷின் கணக்கில் சொன்னால், ஒரு சின்ன யூனிட் போட்டிருக்கலாம்.

கொடுமை என்னவென்றால், பிறகு விசாரித்ததில், அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில், மருந்துக்கடைகள் இருக்கிற வரிசையில், ஆஸ்பத்திரியோடு சேராத ஒரு லேப் இருந்தது. டாக்டர் சீட்டோடு போய், 'இன்ஷூரன்ஸ் வேண்டாம், ரொக்கம்' என்றால் அதே பரிசோதனை முப்பது டாலருக்குள். இந்தப் பத்து நிமிஷ தூரத்தை யாரும் சொல்லித் தரவில்லை. அமெரிக்காவில் 2022-லிருந்து, இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களும் தன் காசில் கட்டுகிறவர்களும் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க சட்டமே இருக்கிறது. கேட்கவேண்டும். கேட்க நம்மவர்களுக்குக் கூச்சம். காதர்பேட்டையில் பத்து ரூபாய்க்குக் கத்துகிற நமக்கு, வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்கிறது.

லீவில் வந்து பரிசோதனை செய்துகொள்வதில் தப்பே இல்லை. தாராளமாகச் செய்யுங்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபாகப் பாருங்கள். வந்து இறங்கிய அலுப்பிலோ, நாலு விருந்து முடித்த மறுநாளோ வேண்டாம், கொழுப்பு கணக்கு எகிறி வீணாகப் பயப்படுவீர்கள். முடி கொட்டுவதற்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு உள்பட சில பரிசோதனைகளின் எண்ணையே மாற்றிக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்திருக்கிறது. அளவையும் கவனியுங்கள். லண்டன் மாப்பிள்ளை ஒருவர் வெறும் வயிற்றில் தனக்குச் சுகர் 7 என்றதும், "ஏழுதானுங்களா!" என்று அவர் மாமியார் மகிழ்ந்துபோனார். அங்கத்திய 7 என்பது நம்மூர் 126. பதினெட்டால் பெருக்கவேண்டும். சர்க்கரை வியாதியின் வாசற்படி அது. முக்கியமாக, ரிப்போர்ட்டைப் பெட்டியில் மடித்து வைக்காமல், அங்கே உங்களைப் பார்க்கப்போகிற டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணைத் திருப்பூரில் வாங்கலாம், வைத்தியம் நீங்கள் வசிக்கிற ஊரில்தான் நடக்கவேண்டும்.

ஆனால் சில பரிசோதனைகள் லீவுக்குக் காத்திருக்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரின் ஐ.என்.ஆர்., கட்டுக்குள் வராத சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி, கிட்னி கொஞ்சம் சுணங்குகிறவரின் கிரியாட்டினின். வருஷத்துக்கு ஒருதடவை ஊருக்கு வரும்போது பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்து சட்டை எடுக்கலாம். மருந்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

எங்கள் காஸ்டிங் ஷீட்டில் 'ரிஜெக்‌ஷன்' என்று ஒரு கட்டம் உண்டு. சரக்கில் ஒரு பகுதி கழிந்துபோனால் ஆகிற நஷ்டத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கிற சதவீதம். அதை விட்டுவிட்டு விலை போட்டவர்கள், ஒரே ஒரு கன்டெய்னர் திரும்பி வந்ததில் வீட்டை விற்றதை நான் பார்த்திருக்கிறேன். எடுத்த பரிசோதனையின் விலை ரேட் அட்டையில் இருக்கிறது. எடுக்காததின் விலை எந்த அட்டையிலும் இல்லை. அந்தக் கட்டத்தை நாமேதான் போட்டுக்கொள்ளவேண்டும்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம். அக்கா மறுபடி கிளம்புகிறாள். மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி, சீயக்காய் எல்லாம் பொட்டலம் கட்டியாகிவிட்டது. இந்தத் தடவை டிக்கெட் போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங் மாப்ளே, அந்த முப்பது டாலர் லேப் சனிக்கெழமை தொறந்திருக்குமுங்களா?"